முள் 882-இல் நிற்கிறதா?

(ரேடியோ மெக்கானிக் பதில்கள்)

போன இதழில் மீடியம் வேவ் பற்றி எழுதும்போது, "ராத்திரியானால் அந்த ஜெப ஸ்டேஷன் மட்டும் கணீரென்று எடுக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான். ஆம்ப்ளிபயர் சந்தேகம் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பாட்டி தினமும் இரவில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ நிகழ்ச்சி கேட்பார். கடைசியில் கடிதம் போட இந்திய முகவரி சொல்வார்கள். தாத்தாவோ "இது சிலோன்ல இருந்து வருது" என்பார். அந்த நிலையம் எங்கேதான் இருந்தது?
— திண்டுக்கல் வாசகி

தாத்தா சொன்னதும் சரி, முகவரியும் சரி. ஸ்டேஷன் என்றால் ஒரு கட்டடம், உள்ளே மைக், பக்கத்தில் டவர் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நிலையங்கள் அப்படி இல்லை. பேசுபவர் ஓர் ஊரில் இருப்பார். டவர் வேறொரு நாட்டில் நிற்கும். நீங்கள் போடும் கடிதம் போய்ச் சேருவது மூன்றாவது இடத்துக்கு.

மீடியம் வேவில் கேட்டிருந்தால் அது புத்தளமாகத்தான் இருக்கும். இலங்கையின் மேற்குக் கரையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஊர். அங்கிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ என்ற கிறிஸ்தவ அமைப்பு 1978 முதல் இந்தியாவை நோக்கி ஒலிபரப்பியது. அலைவரிசை 882 கிலோஹெர்ட்ஸ், சக்தி 400 கிலோவாட். இந்த 400 எவ்வளவு பெரியது என்று விளங்க வேண்டுமானால், இன்று பெரிய நகரங்களில் பாட்டுப் போடும் தனியார் எஃப்.எம். நிலையங்கள் 10 அல்லது 20 கிலோவாட். கல்லூரிகள் நடத்தும் சமுதாய வானொலிக்கு அனுமதி 100 வாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி அதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ 1954-இல் மொராக்கோவின் டாஞ்சியரில் தொடங்கியது. பிறகு மான்டி கார்லோ, கரீபியன் கடலில் பொனேர் தீவு, ஆப்பிரிக்காவில் சுவாசிலாந்து, பசிபிக்கில் குவாம். இப்போது ஒரு வரைபடத்தை எடுத்து இந்த ஊர்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள். பெரிய நாட்டுக்குள் போய் உட்காரவில்லை. அதன் ஓரத்தில், அனுமதி கிடைக்கிற ஒரு சின்ன இடமாகப் பார்த்து டவரை நட்டு, உள்ளே பார்த்துப் பேசியிருக்கிறார்கள். நமக்குப் புத்தளம் அப்படித்தான்.

என் கடை தூத்துக்குடியில். எங்களுக்கும் புத்தளத்துக்கும் நடுவே பெரும்பாலும் கடல்தான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் மீடியம் வேவ் தரையைவிடக் கடல்மேல் வெகுதூரம் தேயாமல் போகும். மதுரைக்காரர் இரவுக்குக் காத்திருந்து கேட்டதை நாங்கள் வெளிச்சம் இருக்கும்போதே கேட்டோம். இதில் ஒரு வேடிக்கை: புத்தளத்து டவர் இந்தியாவைப் பார்த்துப் பேசியது, எங்கள் ஊர் ஆகாசவாணியின் 200 கிலோவாட் டவர் 1053-இல் இலங்கையைப் பார்த்துப் பேசியது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து அவரவர் கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி.

எனக்கு இதில் தொழில் லாபமும் உண்டு. கடை வைத்த புதிதில், சோதனைக்கு அலை தரும் சிக்னல் ஜெனரேட்டர் வாங்கக் காசு இல்லை. ஒரு செட்டை அலைன்மென்ட் செய்ய, அதாவது டயலில் எழுதிய இடத்தில் நிலையம் எடுக்கும்படி சரிசெய்ய, நிலையங்களைத்தான் நம்பினேன். மேல் முனைக்குத் திருநெல்வேலி 1197. கீழ் முனைக்கு, கடை சாத்தும் நேரத்தில் எடுக்கும் சென்னை 720. இரண்டும் உட்கார்ந்த பிறகு நடுவில் 882 தானாக வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை சுத்தமில்லை. "முள் 882-இல் நிற்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையனைப் பின்மூடியை முடுக்கச் சொல்வேன்.

ஒரு முறை நானே சொதப்பினேன். நாசரேத் பக்கத்திலிருந்து ஓர் உபதேசியார் பழைய வால்வு செட் கொண்டுவந்தார். டயல் கண்ணாடியில் புத்தளம் எடுக்கும் இடத்தில் காகிதத் துண்டு ஒட்டி வைத்திருந்தார். டயலில் நிலையம் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் ஆசிலேட்டர் காயிலை நான் தொட்டதில் நிலையம் ஒரு விரல்கடை தள்ளிப் போய்விட்டது. அவர் காகிதத்தில் முள்ளை வைத்தார், சத்தம் இல்லை, நிலையத்தையே மூடிவிட்டார்கள் என்று நினைத்து ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டார். அது ஈஸ்டருக்கு முந்தின வாரம். "தம்பி, பாடு வாரம் முழுக்கப் போச்சே" என்று வந்து நின்றார். காகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டலாமே என்றேன். அது முடியாது, முள்ளைக் கொண்டுவந்து காகிதத்தில் நிறுத்து என்றார். கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன்.

இங்கேயே இத்தனை சபைகள் இருக்கும்போது கடல் தாண்டிப் போவானேன்? உள்ளூரிலேயே ஒரு நிலையம் வைத்திருக்கலாமே?
— நாகர்கோவில் வாசகர்

வைக்க முடியாது. இது ஒரு மதத்துக்கு மட்டுமான தடை என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு. பல பத்தாண்டுகள் ஆகாசவாணியைத் தவிர எவருக்கும் வானொலி இல்லை. 1995-இல்தான் உச்ச நீதிமன்றம் காற்றலை பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது. 2001-இல் பெங்களூருவில் முதல் தனியார் எஃப்.எம். வந்தது. அந்தத் தனியார் எஃப்.எம். கொள்கையில் தகுதியற்றவர்கள் பட்டியல் ஒன்று உண்டு. மத அமைப்புகளும், மத அமைப்பின் பிடியில் இருக்கும் நிறுவனங்களும் அதில் இருக்கின்றன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் ஒரே பதில்தான். கூடவே கட்சிகளுக்கும்.

இது நல்லதா என்று கேட்டால், இருக்கிற ஒலிபெருக்கிச் சண்டைகளைப் பார்த்த எனக்கு அரசின் பயம் புரிகிறது. ஆனால் தொலைக்காட்சியில் எல்லா மதத்துக்கும் தனித்தனி சேனல் ஓடும்போது ரேடியோவுக்கு மட்டும் ஏன் என்பது புரியவில்லை. ஆகாசவாணி விடியற்காலையில் மூன்று மதப் பாட்டையும் வரிசையாகப் போடுகிறது. அதுவே போதும் என்பவர்கள் உண்டு. மூன்று நிமிஷப் பாட்டு போதாது, பிரசங்கமும் வேண்டும் என்றவர்கள் கடல் தாண்டினார்கள்.

என் அப்பா பிலிப்பைன்ஸிலிருந்து தமிழ் கேட்டேன் என்று அடித்துச் சொல்கிறார். அங்கே ஏது தமிழ்?
— நாகப்பட்டினம் வாசகர்

அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். ரேடியோ வெரித்தாஸ் ஆசியா. கத்தோலிக்கர்களுடையது, 1969-இல் தொடங்கியது. மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில் ஸ்டூடியோ, சாம்பலெஸ் மாகாணத்தில் டவர்கள். ஆசிய மொழிகள் பலவற்றில் பேசியது, அதில் தமிழும் ஒன்று.

ஆனால் உலகம் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது வேறு விஷயத்தில். 1986 பிப்ரவரி 22 இரவு, அதிபர் மார்க்கோஸை எதிர்த்து ராணுவ முகாமுக்குள் சிலர் அடைபட்டிருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற மக்கள் தெருவுக்கு வரவேண்டும் என்று கர்தினால் ஹைமே சின் அந்த வானொலியில் பேசினார். ஜனங்கள் வந்து எட்சா சாலையை அடைத்துவிட்டார்கள். அடுத்த நாளே ஆயுதக் கும்பல் புகுந்து மாலோலோஸில் இருந்த டிரான்ஸ்மிட்டரை நொறுக்கியது. நிலையம் வேறு இடத்திலிருந்து பேசியது. நான்கே நாளில் மார்க்கோஸ் நாட்டை விட்டுப் போனார். அதே வருடம் மகசேசே விருது. ஒரு டிரான்ஸ்மிட்டரை உடைக்க ஆட்சியாளர்கள் அத்தனை அவசரப்பட்டார்கள் என்றால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். மெக்கானிக்காக எனக்கு அந்த உடைந்த செட்டுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வெரித்தாஸின் ஷார்ட் வேவ் ஒலிபரப்பை 2018 ஜூன் 30-உடன் நிறுத்திவிட்டார்கள். இப்போது இணையம்தான். வத்திக்கான் வானொலியும் தமிழில் பேசியது. அது இன்னும் பழசு; ரேடியோவைக் கண்டுபிடித்த மார்க்கோனியே நின்று நிறுவிக் கொடுத்து, 1931 பிப்ரவரி 12-இல் தொடங்கியது.

ஒரே பிரசங்கம் டயலில் இரண்டு இடத்தில் கேட்கும். மற்ற பாட்டு நிலையங்களுக்கு இப்படி இல்லை. அற்புதம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.
— தேனி வாசகர்

அற்புதத்துக்கு வழி கொஞ்சம் குறைவு. இரண்டு காரணம் உண்டு. ஒன்று, ஷார்ட் வேவில் ஒரே நிகழ்ச்சியை இரண்டு மீட்டர்களில் அனுப்புவது வழக்கம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. இரண்டாவது, உங்கள் செட்டின் குறை. எந்த நிலையத்தைப் பிடித்தாலும் செட் அதை உள்ளே ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும்; அதுதான் ஐ.எஃப். நம் ரேடியோக்களில் அது 455 கிலோஹெர்ட்ஸ். மலிவு செட்டில் பலமான நிலையம் அதன் இருமடங்கு, அதாவது 910 தள்ளிப் பொய்யாக இன்னொரு முறை தலைகாட்டும். 11,800-இல் இருக்கும் நிலையம் 10,890 பக்கமும் பேசும். இரண்டுக்கும் நடுவே 910 வந்தால் பொய் முகம். வராவிட்டால் நிஜமாகவே இரண்டு அலைவரிசை.

மார்ச் மாதம் திடீரென்று நிலையம் காணாமல் போய், தேடினால் வேறெங்கோ கிடைக்குமே, ஏன்?
— அதே தேனி வாசகர், வேறு பேனாவில்

வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், உலகம் முழுவதும் ஷார்ட் வேவ் பட்டியல் மாறும். வானத்தில் அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கு வெயிலுக்கும் பனிக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் நாளே அறிவிப்பார்கள். அறிவிப்பைக் கேட்காமல் அணைத்துவிட்டு என்னிடம் செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஏப்ரல் மாதம் எனக்கு வியாபாரம் நன்றாக இருக்கும்.

சீஷெல்ஸிலிருந்து வந்த நிலையத்தை ஏன் மூடினார்கள்? ஆள் கேட்கவில்லையா?
— கோயம்புத்தூர் வாசகர்

அது ஃபீபா என்ற கிறிஸ்தவ நிலையம். 1970-இல் மாஹே தீவில் தொடங்கினார்கள். நமக்கும் அதற்கும் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஷார்ட் வேவுக்கு அது அளவெடுத்துத் தைத்த தூரம்: மேலே போய் ஒரே துள்ளலில் தென்னிந்தியாவில் இறங்கும். ஏரியல்களைக் கரையோரப் பவளப்பாறை மேல், தண்ணீருக்குள்ளேயே நட்டிருந்தார்கள். தீவில் சமதரை கிடையாது என்பது ஒன்று, கடல் தண்ணீர் நல்ல எர்த் என்பது இன்னொன்று. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து எத்தனை முறை மாற்றினார்களோ! எங்கள் ஊரில் மொட்டைமாடி ஏரியலே இரண்டு வருடம் தாங்காது.

இந்தியப் பிரிவின் தலைமை பெங்களூருவில். இங்கே பேசிப் பதிந்த டேப் பார்சலாக விமானம் ஏறிப் போகும். அதனால் அவர்கள் பேச்சில் "இன்று காலை பெய்த மழை" என்று ஒரு வார்த்தை வராது. கேட்டுப் பாருங்கள், காலமே இல்லாத ஒரு பேச்சு. எனக்கு அது பிடிக்கும்.

2003-இல் சீஷெல்ஸ் டவர்களை நிறுத்திவிட்டார்கள். ஆள் இல்லை என்பது முழுக் காரணம் அல்ல. நூறு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் மின்சாரத்தைக் குடிக்கும்; ஒரு சின்னத் தீவில் வைத்து ஓட்ட வேண்டும்; பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டிருந்தார்கள். சொந்த டவரை வைத்து அழுவதைவிட, வேறு நாட்டு டவரை மணிக்கு இவ்வளவு என்று பேசி வாடகைக்கு எடுப்பது மலிவு. நிகழ்ச்சி நிற்கவில்லை, வேறு டவர்களுக்கு மாறியது. வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குக் குடிபோன கதை.

நீங்கள் இவ்வளவு பாசமாக எழுதுவதைப் பார்த்தால் அந்த மதத்துக்காரர் போலிருக்கிறதே? இது மறைமுக விளம்பரம்தானே?
— பெயர் போடாத வாசகர்

எங்கள் வீட்டில் கும்பிடுவது திருச்செந்தூர் முருகனை. முப்பது வருடம் தினம் கேட்டும் கும்பிடும் சாமி மாறவில்லை, அதனால் பயப்பட வேண்டாம்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்ல, இன்னொருவர் தமிழில் அதையே கத்த, மறுபடி ஆங்கிலம், மறுபடி தமிழ்… அரை மணியில் விஷயம் ஐந்து நிமிஷம்தான் இருக்கும். நோய் தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்று சாட்சி சொல்லும் நிகழ்ச்சிகளில் டாக்டரிடம் போகாதே என்கிற தொனி வந்தால் நான் அணைத்துவிடுவேன். பழைய கீர்த்தனைகளை ஆர்மோனியமும் வயலினுமாகப் பாடும்போது திரும்பப் போடுவேன். அந்தத் தமிழ் வேறு ரகம். அந்தக் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் சரபோஜி மன்னரோடு ஒரே பாதிரியாரிடம் படித்தவர். அவர் பாட்டில் தாளம் பிசகாது.

ஒன்றில் மட்டும் அவர்களை மெச்சுவேன். கடிதம் போட்டால் பதில் போடுவார்கள். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த ஒருவர், பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவர், அஞ்சல்வழி வேதபாடத்தில் சேர்ந்தார். பாடப் புத்தகம் இலவசம், கேள்வித்தாள் வரும், எழுதி அனுப்பினால் திருத்தி மதிப்பெண்ணோடு வரும். கடைசியில் ஒரு சான்றிதழ். அவரும் மதம் மாறவில்லை. ஆனால் எழுத்து மாறியது. வாடிக்கையாளர் அளவுகளை அதுவரை கோடு கிழித்துக் குறித்தவர், அழகாக எழுதத் தொடங்கினார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

பாட்டுப் போட்ட பெரிய நிலையம் ஒன்றுக்கு நானும் நேயர் விருப்பம் எழுதிப் பார்த்திருக்கிறேன். பதினோரு அஞ்சலட்டை. ஒன்றுக்கும் பதில் இல்லை.

மதப் பிரசாரம் தவிர இவர்களால் ரேடியோவுக்கு ஏதாவது பயன் உண்டா?
— சென்னை, ஹாம் ரேடியோ வாசகர்

சொந்த செட்டில் ஒலிபரப்பிப் பேசும் ஹாம்காரர் நீங்களே இதைக் கேட்கலாமா? உங்கள் மாடியில் சதுரமாகக் கம்பி கட்டியிருப்பீர்களே, க்யூபிக்கல் குவாட் என்ற ஏரியல், அது எங்கே பிறந்தது என்று நினைக்கிறீர்கள்?

ஈக்வடார் நாட்டில் கீட்டோ நகரம். கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேல். ஹெச்.சி.ஜே.பி. என்ற கிறிஸ்தவ நிலையம் அங்கே 1931 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியது. பவரைக் கூட்டியபோது ஒரு தலைவலி வந்தது. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிசு, மெலிசான காற்றில் மின்சாரம் சுலபமாகத் தெறிக்கும். ஏரியல் கம்பிகளின் நுனியில் இரவில் நெருப்பு எரிந்தது. நிஜமாகவே கம்பி உருகிச் சொட்டியது. க்ளாரன்ஸ் மூர் என்ற எஞ்சினியர் 1942-இல் யோசித்தார்: நுனி இருப்பதால்தானே அங்கே தெறிக்கிறது, நுனியே இல்லாமல் கம்பியை வளைத்து மூடிவிட்டால்? அப்படி வந்ததுதான் குவாட். அதிக வோல்டேஜ் வரும் இடம் இப்போது கம்பியின் நடுவில், கூர்நுனியில் இல்லை. தெறிப்பு நின்றது. இந்தக் கதையைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை வருடம் நுனியை எப்படிக் காப்பது என்றே யோசித்திருப்பேன் நானாக இருந்தால்.

அந்த நிலையத்தின் ஷார்ட் வேவ் ஏரியல்கள் புதிய விமான நிலையத்துக்கு இடைஞ்சல் என்று 2009-இல் ஒலிபரப்பை நிறுத்தினார்கள். குவாட் உங்கள் மாடியில் இருக்கிறது.

கேட்ட நிலையங்கள் அனுப்பிய அட்டைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. விலை போகுமா?
— விருதுநகர் வாசகர்

க்யூ.எஸ்.எல். அட்டைகள். நிலையத்தை எந்த நாள், எந்த நேரம், எந்த அலைவரிசையில், எவ்வளவு தெளிவாகக் கேட்டோம் என்று எழுதினால், 'ஆமாம், அது நாங்கள்தான்' என்று அனுப்பும் ஒப்புகை. மூடிவிட்ட நிலையங்களின் அட்டைகளைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது போல அல்ல. பேத்தியிடம் கொடுங்கள். ஸ்டாம்பை மட்டும் கிழித்து எடுக்க விடாதீர்கள்.

அம்மாவுக்கு 84 வயது. பழைய பிலிப்ஸ் செட்டில் மீடியம் வேவ் கேட்டால் ஒரே இரைச்சல். முன்பெல்லாம் இப்படி இல்லை. செட் போய்விட்டதா?
— சாத்தான்குளம் வாசகி

செட் நன்றாக இருக்கும், வீடுதான் கெட்டுவிட்டது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாமே உள்ளுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். மலிவானது என்றால் இன்னும் மோசம். முதலில் கரண்டை எடுத்துவிட்டு பேட்டரியில் போடுங்கள். அப்புறம் வீட்டு மெயினை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உள்ளே. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எதைப் போட்டதும் கர்ரென்கிறதோ அதைக் கழற்றிவிடுங்கள். நிற்காவிட்டால் தெருவிளக்கோ பக்கத்து வீடோ. செட்டைத் தெருவுக்கு எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாற்றுங்கள். கடைசியாக, செட்டை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மீடியம் வேவுக்கு ஏரியலாக உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் ராடின் நுனி நிலையத்தைப் பார்த்திருந்தால் எடுக்காது, பக்கவாட்டைக் காட்ட வேண்டும். அம்மா தேடுவது புத்தளம் என்றால், சாத்தான்குளத்திலிருந்து அது ஏறக்குறைய கிழக்கு. செட்டின் முகத்தைக் கிழக்கே திருப்பி வையுங்கள். அம்மாவின் கட்டில் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. தேவைப்பட்டால் கட்டிலையும் திருப்புங்கள்.